முதன்முறை வெளிநாடு போகிறீர்களா? சென்னையிலிருந்து கிளம்பும் முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

வீட்டில் யாராவது முதன்முறையாக வெளிநாடு போகிறார்கள் என்றால் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "டிக்கெட் போட்டாச்சா?" அந்தக் கேள்வியை நான்காவது இடத்துக்குத் தள்ளிவைத்தாலே பாதிப் பணமும் பாதிப் பதற்றமும் மிச்சமாகும்.

என் அப்பா அம்மாவை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்க சென்னையில் அலைந்தபோது, ஒவ்வொரு கவுன்டரிலும் அவரவர் வேலையை மட்டும் சொன்னார்கள். எது முதலில், எது பிறகு என்று சேர்த்துச் சொல்ல ஆளில்லை. அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். சுற்றுலாவுக்கும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கவும் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. வேலைக்குப் போகிறவர்களுக்கு நடுவில் ஒரு பகுதி தனியாக இருக்கிறது.

1. முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

நம்மூர் ஆட்களுக்கு என்றே இருக்கும் தலைவலி, இனிஷியல். ஆதாரில் "முருகன் கே", பான் கார்டில் "முருகன் குமாரசாமி", பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கே. முருகன்". மூன்றும் ஒரே ஆள் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் விசா அலுவலகமும் விமான நிறுவனமும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் பார்க்கும்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் போட முடியாது. விரித்துத்தான் எழுத வேண்டும். "கிவன் நேம்" என்ற கட்டத்தில் உங்கள் பெயர், "சர்நேம்" என்ற கட்டத்தில் அப்பா பெயர் அல்லது கணவர் பெயர். "எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாதே" என்று சர்நேமைக் காலியாக விடுகிறவர்கள் நிறையப் பேர். விடாதீர்கள். சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா தரும்போது, உங்கள் பெயரை சர்நேமாக எடுத்துக்கொண்டு முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யு" என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்புறம் அங்கே எந்தப் பதிவிலும் அதுதான் உங்கள் பெயர். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து, ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, விசிட் விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு தளர்த்தினார்கள். இருந்தாலும் செக்-இன் கவுன்டரில் நின்று விளக்கம் சொல்லும் நிலைமை எதற்கு? இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுங்கள்.

ஆதாரில் பெயர் வேறு மாதிரி இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். ஆகவே எழுத்துகளை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, வீட்டில் இருவர் பார்த்த பிறகு போங்கள். பெரியவர்களுக்குப் பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த பிறந்த தேதி ஒன்றாகவும் ஆதாரில் இருப்பது வேறாகவும் இருக்கும். அதையும் இப்போதே பாருங்கள்.

பாஸ்போர்ட் கையில் வந்துவிட்டால், அதில் உள்ளபடிதான் விசா, டிக்கெட், காப்பீடு, வெளிநாட்டுப் பணம் ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு எல்லாமே. ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

2. பாஸ்போர்ட்

மத்திய அரசின் பாஸ்போர்ட் சேவா தளத்திலோ, "எம்பாஸ்போர்ட் சேவா" செயலியிலோ மட்டும் விண்ணப்பியுங்கள். தளத்தின் முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடிய வேண்டும். தேடினால் அசல் போலவே தோற்றமுள்ள தளங்கள் மேலே வந்து நிற்கும். அவை கூடுதலாகப் பணம் வாங்குகிறவை.

கட்டணம்: பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட் ரூ.1,500, 60 பக்கம் ரூ.2,000. தட்கல் என்றால் இதற்கு மேல் ரூ.2,000. 18 வயதுக்குக் கீழே ரூ.1,000. பெரியவர்களுக்குப் 10 ஆண்டு செல்லும். பிள்ளைகளுக்கு 5 ஆண்டு அல்லது 18 வயது ஆகும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. பிள்ளைகளின் பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதை மறந்துவிட்டுப் பெரியவர்களுடையதை மட்டும் எடுத்துப் பார்க்கும் குடும்பங்கள் பல. வீட்டில் உள்ள எல்லாப் பாஸ்போர்ட்டையும் மேசையில் வைத்துத் தேதி பாருங்கள்.

சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் பாஸ்போர்ட் சேவா மையங்கள் உள்ளன. பணத்தை ஆன்லைனில் கட்டி நேரம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அசல் ஆவணங்களும், நீங்களே கையெழுத்திட்ட நகல்களும் எடுத்துச் செல்லுங்கள். ஆதாரும், பத்தாம் வகுப்புச் சான்றிதழும் பெரும்பாலும் போதும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். போட்டோவை அங்கேயே எடுத்துவிடுவார்கள். 4 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மட்டும் கொண்டுபோக வேண்டும்.

உள்ளே ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர்கள். மிக முக்கியமானது முதல் கவுன்டர். அங்கே போட்டோவும் கைரேகையும் எடுத்த பிறகு உங்கள் விவரங்களைத் திரையில் காட்டுவார்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த ஊர் என்று ஒவ்வொன்றாக வாசியுங்கள். அந்த இடத்தில் திருத்துவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். அச்சான பிறகு திருத்த வேண்டுமென்றால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம்.

அடுத்தது காவல்துறை சரிபார்ப்பு. தற்போது குடியிருக்கும் வீட்டு முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். மதுரையிலோ தஞ்சாவூரிலோ உள்ள ஆதார் முகவரியைக் கொடுத்துவிட்டு வேளச்சேரியில் வாடகைக்கு இருந்தால், காவலர் ஊருக்குப் போய் "இந்த ஆள் இங்கே இல்லை" என்று எழுதிவிடுவார். கோப்பு அங்கேயே நின்றுவிடும். வாடகை ஒப்பந்தத்தை வைத்து ஆதார் முகவரியை முதலில் மாற்றுங்கள். இந்தச் சரிபார்ப்புக்குத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது.

ஏற்கெனவே பாஸ்போர்ட் இருக்கிறவர்கள் கவனியுங்கள்: நம்மூர்க்காரர்கள் அதிகம் போகும் பல நாடுகள், நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து 6 மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும் என்று கேட்கின்றன. காலாவதிக்கு ஓராண்டு இருக்கும்போதே புதுப்பிக்கலாம். பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால் அதையும் சேர்த்தே எடுத்துப் போக வேண்டும்; தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் 2025 மார்ச் முதல் சிப் வைத்த இ-பாஸ்போர்ட் தருகிறார்கள். பழையது செல்லுபடியாக இருந்தால் இதற்காக மாற்ற வேண்டியதில்லை.

3. விசா: நாட்டுக்கு நாடு வேறு

இங்கேதான் நேரம் அதிகம் போகும். பாஸ்போர்ட் வந்ததும் முதல் வேலையாக, போகும் நாட்டின் தூதரகத் தளத்தைத் திறந்து படியுங்கள். போன வருடம் போய்வந்த நண்பர் சொல்வது இந்த வருடம் செல்லாமல் போகலாம்.

மலேசியாவுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா இல்லாமல் போகலாம். ஆனால் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதே போன்ற அட்டையைக் கேட்கிறது. சிங்கப்பூருக்கு விசா வேண்டும். இங்கிருந்து விண்ணப்பிக்கிறவர்கள் அங்கீகாரம் பெற்ற முகவர்கள் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், முகவர் கட்டணம் தனி. விசா வந்த பிறகும் பயணத்துக்கு முந்தைய 3 நாட்களுக்குள் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இந்த மூன்று நாட்டு வருகை அட்டைகளும் இலவசம். ஒரு தளம் உங்களிடம் பணம் கேட்டால் அது அரசுத் தளம் கிடையாது, உடனே மூடிவிடுங்கள்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ. தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு தெரிய பொதுவாக 15 நாள் ஆகும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். கோடை விடுமுறையில் போக நினைக்கிறவர்கள் பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் பள்ளி விடுமுறை என்பதால், மையங்களில் நேரம் கிடைப்பதே கஷ்டம். பல நாடுகளுக்குப் போகிறீர்கள் என்றால் அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். "அந்த நாட்டு விசா சுலபமாகக் கிடைக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேறு நாட்டுக்குப் போட்டால், உங்கள் பயணத் திட்டமே உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிடும்.

ஆவணங்களில் அதிகம் கவனிக்கப்படுவது வங்கிக் கணக்கு. கடந்த சில மாதங்களின் கணக்கு விவரத்தை வங்கி முத்திரையோடு வாங்குங்கள். கணக்கில் எப்போதும் முப்பதாயிரம் இருந்துவிட்டு, விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென்று சில லட்சம் வந்தால் அதைப் பார்த்தே சந்தேகப்படுவார்கள். பெரிய தொகை வந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதற்கான காகிதத்தையும் இணையுங்கள்: நிலம் விற்ற பத்திரம், வைப்புத்தொகை முதிர்ந்த ரசீது, இப்படி எதுவோ. வேலையில் இருப்பவர்கள் விடுப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு. ஓய்வு பெற்றவர்கள் ஓய்வூதிய ஆவணம். பிள்ளைகள் செலவை ஏற்கிறார்கள் என்றால் அவர்களுடைய அழைப்புக் கடிதம், வேலைச் சான்று, அங்கே வசிப்பதற்கான அனுமதியின் நகல்.

அமெரிக்க விசிட் விசாவுக்கு டிஎஸ்-160 படிவமும் 185 டாலர் கட்டணமும். கைரேகையும் போட்டோவும் தனி மையத்தில் முதலில். நேர்காணல் அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியுள்ள துணைத் தூதரகத்தில். உள்ளே மொபைல் அனுமதி இல்லை. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அப்பா அம்மாவுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: தமிழிலேயே பேசலாம். ஆங்கிலத்தில் தடுமாறிப் பதில் மாறிப்போவதைவிட, தெரிந்த மொழியில் உள்ளதை உள்ளபடி சொல்வது எவ்வளவோ மேல். மகன் என்ன வேலை செய்கிறார், எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள், இங்கே யார் இருக்கிறார்கள் போன்ற கேள்விகள்தான் வரும். மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் மகன் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரும் ஊரும் படிவத்தில் எழுதியது என்ன என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்ப வராது. எந்த நாட்டுக்கும் இதுதான் பொதுவான நடைமுறை. "விசா கட்டாயம் வாங்கித் தருகிறேன்" என்று உறுதி சொல்லும் முகவரிடமிருந்து விலகிவிடுங்கள். அந்த முடிவு அவர் கையில் இல்லை. விண்ணப்ப மையத்தில் சொகுசு அறை, குறுஞ்செய்தி, கூரியர் என்று கூடுதல் சேவைகளைக் கேட்பார்கள். பெரும்பாலும் அவை உங்கள் விருப்பம்தான், விசா முடிவை அவை மாற்றாது. கூரியர் மட்டும் பயனுள்ளது. வெளியூர்க்காரர்களுக்கு இன்னொரு நாள் சென்னைக்கு வர வேண்டாம்.

போட்டோ பற்றி ஒரு வார்த்தை. ஸ்டூடியோவில் "விசா போட்டோ" என்று மட்டும் சொல்லாமல் நாட்டின் பெயரைச் சொல்லுங்கள். அமெரிக்காவுக்கு 2-க்கு 2 அங்குலம், ஷெங்கனுக்கு 35-க்கு 45 மில்லிமீட்டர். மூக்குக் கண்ணாடி இல்லாமல், வெள்ளைப் பின்னணியில்.

வேலைக்குப் போகிறவர்கள்: பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் "இசிஆர்" (குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை) வகையில் வரும். அப்படிப்பட்டவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக மத்திய அரசின் "இ-மைக்ரேட்" தளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் ரூ.30,000-மும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கென்று உள்ள, ரூ.10 லட்சத்துக்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுக்கு 2 ஆண்டுக்கு ரூ.275, 3 ஆண்டுக்கு ரூ.375. "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும், சொந்தக்காரரே சொன்னாலும், போகாதீர்கள். கம்போடியாவிலும் மியான்மரிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய நம் பிள்ளைகள் பலர் கிளம்பியது இப்படித்தான்.

4. இப்போது டிக்கெட்

ஷெங்கன் விண்ணப்பத்துக்குப் பணம் கட்டிய டிக்கெட் தேவையில்லை. முன்பதிவு விவரம் போதும். விசா வந்த பிறகு வாங்குங்கள்.

இரண்டு விஷயங்களில் பலர் ஏமாறுகிறார்கள். முதலாவது தேதி. சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புகின்றன. டிக்கெட்டில் "12-ஆம் தேதி 00:45" என்று இருந்தால், 11-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்தவுடன் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். 12-ஆம் தேதி இரவு போனால் விமானம் முந்தைய இரவே போயிருக்கும். காலண்டரில் கிளம்பும் இரவைக் குறித்துவையுங்கள்.

இரண்டாவது, நடுவில் மாறும் விமானம். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் விலை குறையும். ஆனால் இடையிலுள்ள நாட்டில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், நுழைய விசா வேண்டும். பிரிட்டன் போன்ற நாடுகள் விமானம் மாறுவதற்கே இந்தியர்களிடம் தனி விசா கேட்கின்றன. பெற்றோர் மட்டும் தனியாகப் போகிறார்கள் என்றால் சில ஆயிரம் கூடினாலும் ஒரே டிக்கெட்டில், ஒரே ஒரு மாற்றத்தோடு வாங்குங்கள். வாங்கும்போதே சக்கர நாற்காலி உதவியும் கேட்டுவிடுங்கள். நடக்க முடிந்தவர்களுக்கும், மொழி தெரியாத பெரிய விமான நிலையத்தில் அடுத்த வாசல்வரை கொண்டுவிட ஓர் ஆள் கிடைப்பார்.

5. காப்பீடு, மருந்து, தடுப்பூசி

ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மற்ற நாடுகளுக்குக் கட்டாயம் இல்லையென்றாலும் எடுங்கள். அமெரிக்காவுக்கு எடுக்காமல் பெற்றோரை அனுப்பவே கூடாது. விலை குறைவான பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய்க்குப் பாதுகாப்பு இருக்காது. விண்ணப்பத்தில் நோயை மறைத்தால் பிறகு ஒரு பைசா வராது. உள்ளதைச் சொல்லி, அதற்கும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள்.

மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். சின்ன டப்பாக்களில் பிரித்துப்போட வேண்டாம். மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரோடு ஆங்கிலத்தில் சீட்டு வாங்குங்கள். இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் கட்டுப்படுத்தப்பட்டவை. டிரமடால், கோடீன் இருந்தால் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. தினசரி மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டி ஒரு நாள் தாமதமானாலும் இன்சுலின் தாமதமாகக் கூடாது.

கென்யா, உகாண்டா, கானா, பிரேசில் போன்ற நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். தனியார் கிளினிக்கில் போட்டுவிட்டு வராதீர்கள், அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் சான்றிதழ்தான் செல்லும். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று நடைமுறைக்கு வரும். பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். கடைசி வாரத்துக்குத் தள்ளக் கூடாத வேலை இது.

6. பணம்

ஒரு பயணத்துக்கு வெளிநாட்டுப் பணமாக 3,000 டாலர் மதிப்புவரை கையில் கொண்டுபோகலாம். மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் போடுங்கள். வாங்க பான் கார்டு, பாஸ்போர்ட், விசா, டிக்கெட் கேட்பார்கள். ரூ.50,000-க்கு மேல் என்றால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, வங்கி வழியாகத்தான். தி.நகரிலும் அண்ணா சாலையிலும் இரண்டு மூன்று கடைகளில் அன்றைய விலையைக் கேட்டுப் பாருங்கள். விமான நிலையக் கவுன்டரை நம்பி விட்டுவைத்தால் விலை அதிகமாகத்தான் இருக்கும். திரும்பி வரும்போது தேவை என்பதால் கொஞ்சம் இந்திய ரூபாயும் வைத்திருங்கள், ரூ.25,000 வரை அனுமதி.

உங்கள் டெபிட், கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் நீங்களே திறந்து, வரம்பும் வைக்க வேண்டும். அங்கே கடையில் கார்டைத் தேய்க்கும்போது "ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா" என்று இயந்திரம் கேட்கும். ரூபாய் என்றால் நமக்குப் பழக்கமாகத் தோன்றும், நஷ்டம் அதில்தான். எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

டூர் பேக்கேஜ் எடுக்கிறவர்களிடம் டிசிஎஸ் என்று வரி பிடிப்பார்கள். அது செலவாகிப் போன பணமில்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆகவே யாருடைய பான் எண்ணில் பிடிக்கப்படுகிறது என்று பாருங்கள். வரிக் கணக்கு தாக்கல் செய்கிறவர் பெயரில் இருந்தால் நல்லது.

7. போன்

உங்கள் வங்கியின் ஓடிபி எல்லாம் இந்திய எண்ணுக்குத்தான் வரும். ஆகவே இங்குள்ள சிம்மில் ரோமிங்கை இங்கிருக்கும்போதே திறந்துவிடுங்கள். ரீசார்ஜ் காலாவதியும் பார்த்துக்கொள்ளுங்கள். பேசுவதற்கும் இணையத்துக்கும் அந்த நாட்டு சிம்மோ இ-சிம்மோ மலிவு. பெற்றோரின் போனில் பிள்ளைகள் எண், காப்பீட்டு அவசர எண், அந்த நாட்டு இந்தியத் தூதரக எண் மூன்றையும் சேமித்து, ஒரு காகிதத்திலும் எழுதிக் கைப்பையில் வையுங்கள். போன் சார்ஜ் இறங்கினால் காகிதம்தான் உதவும்.

8. பெட்டி

ஊறுகாய், நெய், எண்ணெய், தொக்கு எதுவாக இருந்தாலும் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது. பெரிய பெட்டியில் இறுக்கிக் கட்டி வையுங்கள். பவர் பேங்க் நேர் எதிர்: கைப்பையில் மட்டும்தான், 100 வாட் அவர் வரை. கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றும் என்பதால் பெரிய பெட்டியில் தடை.

கசகசா விஷயத்தில் விளையாடாதீர்கள். குருமாவுக்குப் போடும் அதே கசகசா அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டது. அம்மா அரைத்துத் தந்த மசாலாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள்ளும் ஆஸ்திரேலியாவுக்குள்ளும் போகாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டிலும் எந்த உணவுப் பொருளாக இருந்தாலும் படிவத்தில் "ஆம்" என்று குறியுங்கள். சொல்லிவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துவைத்துக்கொள்வார்கள். சொல்லாமல் பிடிபட்டால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். யாராவது "எங்க அக்காவுக்கு ஒரு பார்சல்" என்று கொடுத்தால், பிரித்துப் பார்க்க முடியாத எதையும் வாங்காதீர்கள். மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை.

மிக்ஸியும் ரைஸ் குக்கரும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறவர்கள்: அங்கே மின்சாரம் 120 வோல்ட். நம் 230 வோல்ட் சாமான்கள் ஒழுங்காக ஓடாது. சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், பிரிட்டன் நான்கிலும் சதுர முனை மூன்று பின் பிளக். ஓர் அடாப்டர் போதும்.

நகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த நகை போட்டுத்தான் போக வேண்டும் என்றால், கிளம்பும்போதே சுங்கத் துறையிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். திரும்பும்போது "இது அங்கே வாங்கியதா?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

9. வீட்டைப் பூட்டும் முன்

மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். நீண்ட நாள் போகிறீர்கள் என்றால் முன்பணமாகக் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். கேஸ் சிலிண்டரை மூடுங்கள், பக்கத்துக் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருப்பதைச் சொல்லிவையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கிளம்பினால் கார் சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்த ஆள் வேண்டும்.

10. மீனம்பாக்கத்தில்

வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே போய்விடுங்கள். சர்வதேச முனையம் டி2. மெட்ரோ ரயில் விமான நிலையம் வரை வருகிறது, ஆனால் நள்ளிரவு விமானத்துக்கும் விடிகாலை விமானத்துக்கும் நேரம் பொருந்தாது. காரை முன்பதிவு செய்யுங்கள். 2023 டிசம்பர் 4-லும் 2024 நவம்பர் 30-லும் புயல் மழையில் இந்த விமான நிலையத்தையே மூட வேண்டிவந்தது. மழைக்காலத்தில் போகிறவர்கள் அங்கே போய் இறங்கிய அன்றே முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடிக்கடி போகப் போகிறீர்கள் என்றால் உள்துறை அமைச்சகத்தின் "ஃபாஸ்ட் டிராக் இமிகிரேஷன்" திட்டத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். 2025 ஜனவரி முதல் சென்னையிலும் இருக்கிறது. வரிசையில் நிற்காமல் தானியங்கி வாசல் வழியாகப் போகலாம்.

முதன்முறை போகிறவர்களிடம் இமிகிரேஷன் அதிகாரி கொஞ்சம் கூடுதலாகவே கேட்பார்: எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், யார் செலவு செய்கிறார்கள். பாஸ்போர்ட், விசா நகல், திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி, காப்பீடு, வருகை அட்டை ஆறையும் ஒரே பிளாஸ்டிக் கோப்பில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் கையில் வைத்திருங்கள். இறங்கும் நாட்டிலும் அதே கேள்விகளைக் கேட்பார்கள்.